ஃபோர்குளோஷர், டாக்ஸ் ஏலத்துல வீடு வாங்க இறங்குறீங்களா? முதல்ல வரிசையைப் பாருங்க

டெக்சாஸ்ல ஒவ்வொரு மாசமும் முதல் செவ்வாய்க்கிழமை வீடு ஏலம் நடக்கும், காலைல 10 மணியிலேர்ந்து சாயங்காலம் 4 மணிக்குள்ள, பல கவுண்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட் வாசல்லயே. ஜனவரி 1, ஜூலை 4 அன்னைக்கு விழுந்தா மட்டும் புதன்கிழமை. நான் முதல் தடவை போனப்ப சுத்தியல், மேடை, மைக் எல்லாம் இருக்கும்னு நினைச்சிட்டுப் போனேன். அங்க என்னடான்னா வெயில்ல ஒரு ஆள் நின்னுக்கிட்டு மந்திரம் சொல்ற மாதிரி ஒரே குரல்ல பேப்பரைப் படிச்சிட்டு இருக்கார், சுத்தி ஆறேழு பேர், கைல காபி, இடுப்புல ஜிப் போட்ட பை, யாரும் கையைக் கூட தூக்கல, லேசா தலையை ஆட்டுறாங்க அவ்ளோதான். பத்து நிமிஷத்துல மூணு வீடு கைமாறிடுச்சு, எது எப்ப முடிஞ்சதுன்னே எனக்குப் புரியல.

அமெரிக்காவுல இருக்குற நம்மாளுங்க நிறைய பேர் இதைப் பத்தி கேக்குறாங்க, பாதி பேர் ஏதோ விளம்பரத்துல "சில நூறு டாலர்ல வீடு"ன்னு பார்த்துட்டுத்தான் வர்றாங்க. அதனால முதல் ஏலத்துக்கு முன்னாடி எனக்கு யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணுற விஷயங்களை மட்டும் வரிசையா எழுதுறேன். நான் வக்கீல் இல்ல, ஸ்டேட்டுக்கு ஸ்டேட், சில சமயம் கவுண்டிக்கு கவுண்டி ரூல் மாறும், உங்க இடத்து ரூலை நீங்கதான் படிக்கணும்.

எந்த ஏலம்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

எல்லாரும் "ஆக்ஷன்"னு ஒரே வார்த்தைல சொல்றாங்க, ஆனா உள்ள மூணு தனித்தனி சமாச்சாரம் இருக்கு.

ஒண்ணு, மார்ட்கேஜ் ஃபோர்குளோஷர். வீட்டுக் கடன் கட்டல, பேங்க் ஏலம் விடுது. பொதுவா 120 நாளுக்கு மேல தவணை பாக்கி இருந்தாத்தான் பேங்க் முதல் நோட்டீஸையே ஆரம்பிக்க முடியும், அது ஃபெடரல் ரூல். அதுக்கப்புறம் புளோரிடா, நியூ ஜெர்சி, நியூயார்க், இல்லினாய் மாதிரி ஸ்டேட்ல கேஸ் போட்டு ஜட்ஜ் மூலமாத்தான் நடக்கும், இழுக்கும். டெக்சாஸ், கலிபோர்னியா, ஜார்ஜியா, அரிசோனால பெரும்பாலும் கோர்ட்டே வேண்டாம், டிரஸ்டீன்னு கடன் பத்திரப்படி விக்குற பொறுப்பு உள்ள ஒருத்தர் நோட்டீஸ் கொடுத்து வித்துடுவார். டெக்சாஸ்ல ஏலத்துக்கு 21 நாள் முன்னாடி நோட்டீஸ் ஒட்டினாப் போதும், அந்த 21 நாள்தான் உங்களுக்கும் ஹோம்வொர்க் பண்ற டைம்.

ரெண்டாவது, டாக்ஸ் லீன் (லீன்னா பாக்கிக்காக சொத்து மேல இருக்குற பிடி). இங்க வீடே ஏலத்துக்கு வர்றதில்ல. ஓனர் கட்டாம விட்ட சொத்து வரியை நீங்க கவுண்டிக்குக் கட்டுறீங்க, ஓனர் பின்னாடி வட்டியோட திருப்பித் தர்றார். புளோரிடால உச்சபட்ச வட்டி 18 சதவீதம், அரிசோனால 16. ஆனா அந்த 18ஐப் பார்த்துட்டு குதிக்காதீங்க, ஏலம் கீழ் நோக்கிப் போகும், யார் கம்மி வட்டிக்கு ஒத்துக்குறாங்களோ அவங்களுக்குத்தான் கிடைக்கும், நல்ல ஏரியா வீடுன்னா பெரிய ஃபண்டுங்க அடிமட்டத்துக்கு இறக்கிடும். நியூ ஜெர்சில வட்டி சைபர் வரைக்கும் இறங்கி, அதுக்கும் மேல பிரீமியம்னு கைக்காசு கொடுத்து வாங்குறாங்க. இந்த லீனை வச்சு வீடு கிடைக்கும்னு நினைக்கிறது பெரும்பாலும் கனவுதான், ஏன்னா ஓனர் கட்டலைன்னாலும் அவருக்குக் கடன் கொடுத்த பேங்க் சும்மா இருக்காது, வந்து கட்டிடும். 2,000 டாலர் லீன், 8 சதவீதம் வட்டி, ஒரு வருஷத்துல 160 டாலர், அவ்ளோதான் கதை. அப்படியும் யாரும் கட்டலைன்னா புளோரிடால ரெண்டு வருஷம், அரிசோனால மூணு வருஷம் காத்திருந்துதான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். அடிச்சுப் பிடிச்சு காசு பார்க்க நினைக்கிறவங்களுக்கு இது சரிப்படாது, பொறுமைசாலிகளோட விளையாட்டு.

மூணாவது, டாக்ஸ் டீட் (டீட்னா சொத்துப் பத்திரம்). வரி பாக்கிக்காக வீட்டையே விக்குறது. இதுல டெக்சாஸும் ஜார்ஜியாவும் ஒரு தனி ரகம், வீடு உங்க பேர்ல வந்துடும், ஆனா பழைய ஓனருக்கு மீட்டுக்க டைம் உண்டு. டெக்சாஸ்ல சாதாரண சொத்துன்னா 180 நாள், அவர் குடியிருந்த ஹோம்ஸ்டெட் வீடு இல்ல விவசாய நிலம்னா ரெண்டு வருஷம். மீட்டாருன்னா உங்க காசோட 25 சதவீதம் சேர்த்துத் தரணும், ரெண்டாவது வருஷத்துல மீட்டா 50. ஜார்ஜியால முதல் வருஷத்துக்கு 20 சதவீதம். கேக்க அமோகமா இருக்குல்ல, அதனாலதான் கூட்டமும் அங்க அதிகம்.

வரிசைதான் எல்லாமே

இந்த ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டாலே பாதி கிணறு தாண்டின மாதிரி. ஏலத்துல நீங்க வாங்குறது செங்கலும் சிமெண்டும் இல்ல, ஒரு வரிசைல ஒரு இடம். ஒரு வீட்டு மேல பல பேர் காசு பாக்கி கேட்டு நிப்பாங்க, அவங்க எல்லாரும் ரேஷன் கடை க்யூ மாதிரி நிக்கிறதா நினைச்சுக்கோங்க. பெரும்பாலும் யார் முதல்ல கவுண்டில ரெக்கார்ட் பண்ணாங்களோ அவங்க முன்னாடி. சொத்து வரி மட்டும் எப்ப வந்தாலும் நேரா முன்னாடி போய் நின்னுக்கும். இப்ப ஏலம் விடுற ஆள் க்யூல எங்க நிக்கிறார்னு பாருங்க. அவருக்குப் பின்னாடி நிக்கிறவங்க பொதுவா வெட்டுப்பட்டுப் போயிடுவாங்க, அவருக்கு முன்னாடி நிக்கிறவங்க அப்படியே இருப்பாங்க, அவங்க பாக்கி இனிமே உங்க வீட்டு மேல. முதல் மார்ட்கேஜ் ஏலம் விட்டா ரெண்டாவது மார்ட்கேஜ் காலி. ரெண்டாவது மார்ட்கேஜ் ஏலம் விட்டா? முதல் மார்ட்கேஜ் முழுசா அப்படியே நிக்கும்.

எனக்கே நடக்க இருந்தது. லிஸ்ட்ல ஒரு நாலு பெட்ரூம் வீடு, ஏரியால 3 லட்சம் டாலர் போகும், ஆரம்ப விலை 11,400னு போட்டிருந்தாங்க. எனக்குத் தூக்கமே வரல, வீட்டுல கூட சொல்லிட்டேன். ஏலத்துக்கு முதல் நாள் ராத்திரி, சும்மா ஒரு தடவை பார்ப்போமேன்னு கவுண்டி கிளார்க் சைட்ல ஓனர் பேரைப் போட்டுத் தேடினேன். ஏலம் விட்டது பேங்க் இல்ல, எச்ஓஏ, அதாவது குடியிருப்பு சங்கம், மாச சந்தா பாக்கிக்காக. அவங்களுக்கு முன்னாடி க்யூல 2016ல ரெக்கார்ட் பண்ணின 2,42,000 டாலர் டீட் ஆஃப் டிரஸ்ட், அதாவது வீட்டுக் கடன் பத்திரம், ஜம்முன்னு உக்காந்திருக்கு. மறுநாள் காலைல நான் வேடிக்கை மட்டும்தான் பார்த்தேன், 38,000க்கு ஒருத்தர் எடுத்தார், அவர் தெரிஞ்சு எடுத்தாரா தெரியாம எடுத்தாரான்னு இன்னைக்கும் எனக்கு சந்தேகம்தான். அது மட்டுமில்ல, டெக்சாஸ்ல எச்ஓஏ ஏலம்னா பழைய ஓனருக்கு 180 நாள் மீட்டுக்குற உரிமையும் இருக்கு.

விலை ரொம்ப கம்மியா இருந்தா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

இன்னொரு ஆள் க்யூல இருக்கார், ஐஆர்எஸ், அதாவது ஃபெடரல் வருமான வரித்துறை. ஓனர் வருமான வரி கட்டாம இருந்து அந்த லீன் பின்னாடி நின்னா, ஐஆர்எஸுக்கு முறையா நோட்டீஸ் போயிருந்தா அது வெட்டுப்படும், ஆனாலும் ஏலத்துக்கப்புறம் 120 நாள் வரைக்கும் நீங்க கொடுத்த காசைக் கொடுத்துட்டு வீட்டை எடுத்துக்குற உரிமை அவங்களுக்கு உண்டு. அடிக்கடி பண்ண மாட்டாங்க, ஆனா நீங்க சல்லிசா வாங்கியிருந்தா கண்ணு படலாம். நோட்டீஸே போகலைன்னா லீன் அப்படியே தொத்திக்கிட்டு நிக்கும். புளோரிடா டாக்ஸ் டீட்ல மார்ட்கேஜ் போயிடும், ஆனா சிட்டி போட்ட லீன் போகாது, புல் வெட்டலைன்னு தினமும் ஏறின அபராதம் கூட ஆயிரக்கணக்குல இருக்கலாம், அதை சிட்டியோட கோட் என்ஃபோர்ஸ்மென்ட் ஆபீஸ்ல (விதிமீறலுக்கு அபராதம் போடுற இடம்) போன் பண்ணிக் கேட்டாத்தான் தெரியும்.

நம்ம ஊர்ல வில்லங்க சான்றிதழ் போட்டா ஒரே பேப்பர்ல வந்துடும், இங்க அந்த வசதி இல்ல, நீங்களே தோண்டணும். கவுண்டி கிளார்க் ரெக்கார்டுல ஓனர் பேரை முன்ன பின்ன மாத்தி மாத்தி தேடுங்க, பழைய ஓனர் பேரையும் சேர்த்து. டிஸ்ட்ரிக்ட் கோர்ட் சைட்ல கேஸ் இருக்கான்னு பாருங்க. டாக்ஸ் ஆபீஸ் சைட்ல வரி பாக்கி எவ்ளோன்னு பாருங்க. ஓனர் திவால் மனு போட்டிருக்காரான்னு பாருங்க, போட்ட நிமிஷமே ஏலத்துக்குத் தடை விழுந்துடும், தெரியாம நடந்த ஏலம் கூட செல்லாமப் போகலாம். முதல் ரெண்டு மூணு வீட்டுக்காவது காசு கொடுத்து டைட்டில் கம்பெனில (சொத்து உரிமையை சரிபார்க்குறவங்க) ஒரு சர்ச் வாங்கி, நீங்க கண்டுபிடிச்சதோட ஒப்பிட்டுப் பாருங்க, எதைக் கோட்டை விட்டீங்கன்னு அப்பதான் தெரியும், அதுதான் சரியான டியூஷன் ஃபீஸ்.

நேர்ல போய்ப் பாருங்க

2019ல புளோரிடா பிரோவார்ட் கவுண்டி ஆன்லைன் டாக்ஸ் ஏலத்துல ஒருத்தர் வில்லான்னு நினைச்சு 9,100 டாலர் கொடுத்து எடுத்தது என்ன தெரியுமா, ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஓடுற ஒரு அடி அகலம், 100 அடி நீளத் துண்டு. சைட்ல பக்கத்து வீட்டு போட்டோ வந்ததுல ஏமாந்துட்டார். காசு திரும்பக் கிடைக்காதுன்னு கவுண்டி சொல்லிடுச்சு. டாக்ஸ் ஏல லிஸ்ட்ல இந்த மாதிரி குப்பை நிறைய வரும், மழைத்தண்ணி தேங்குற குட்டை, வழியே இல்லாத மனை, பழைய பெட்ரோல் பங்க் இருந்த இடம். அதனால அட்ரஸை நம்பாதீங்க, பார்சல் நம்பரை (நம்ம ஊர் சர்வே நம்பர் மாதிரி) மேப்ல போட்டு எல்லையைப் பாருங்க.

ஏலத்துக்கு முன்னாடி உள்ள போக விட மாட்டாங்க, வெளிய நின்னுதான் கணக்கு போடணும். நான் முதல்ல பார்க்குறது ஏசி கண்டென்சர் பெட்டி. அது இருந்த இடத்துல வெறும் காங்கிரீட் திட்டும் அறுத்த செப்புக் குழாயும் மட்டும் இருந்தா உள்ள சமையலறையும் இருக்காதுன்னு வச்சுக்கலாம். அப்புறம் கரண்ட் மீட்டர் ஓடுதா, தபால் பெட்டி நிரம்பி வழியுதா, கதவுல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கா, கூரைல நீல தார்ப்பாய் கிடக்கா, செங்கல் சுவத்துல படிக்கட்டு மாதிரி விரிசல் போகுதா (அது அஸ்திவாரம் இறங்கினதுக்கு அடையாளம், செலவு பெருசு). பின் பக்கம் குழந்தை சைக்கிள் நின்னா உள்ள ஒரு குடும்பம் இருக்குன்னு அர்த்தம். கதவைத் தட்டி "உங்க வீடு ஏலத்துக்கு வருதே"ன்னு மட்டும் கேக்காதீங்க, அவங்க இருக்குற நிலைமைல அது வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் பொதுவா எல்லாம் சொல்லிடுவார்.

எவ்ளோ வரைக்கும் கேக்கலாம்

வீட்டை சரி பண்ணினதுக்கு அப்புறம் 3,00,000க்குப் போகும்னு வச்சுக்குவோம். அதுல 70 சதவீதம், 2,10,000 (மிச்ச 30 உங்க லாபத்துக்கும் விக்குற செலவுக்கும்). ரிப்பேர் 45,000 கழிச்சா 1,65,000. பழைய வரி பாக்கி 7,000, ஆளைக் காலி பண்றது, இன்சூரன்ஸ், சும்மா கிடக்குற மாசங்கள் எல்லாம் சேர்த்து 6,000. மிச்சம் 1,52,000, அதுதான் உச்சவரம்பு. உள்ள பார்க்காம போடுற ரிப்பேர் கணக்கு எப்பவும் ஏறும், இறங்காது, அதனால நான் எனக்குத் தோணுறதுக்கு மேல பாதி சேர்த்துப் போடுவேன். இந்த நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி பாக்கெட்ல வச்சுக்கோங்க. அங்க நிக்கும்போது "இன்னும் ஆயிரம்தானே"ன்னு தோணும் பாருங்க, அப்ப எடுத்துப் படிங்க.

காசு ரெடியா இருக்கணும், பேங்க் லோன் இதுக்கு ஒத்து வராது. டெக்சாஸ், கலிபோர்னியா வாசல் ஏலத்துல கேஷியர்ஸ் செக் (நம்ம ஊர் டிமாண்ட் டிராஃப்ட் மாதிரி), அதை உங்க பேருக்கே எடுத்து வச்சுக்கிட்டா ஜெயிச்சா டிரஸ்டீக்கு எழுதிக் கொடுக்கலாம், ஜெயிக்கலைன்னா திரும்ப டெபாசிட் பண்ணிடலாம். ஒரே செக்கா எடுக்காம பெருசு ரெண்டு, சின்னது நாலுன்னு பிரிச்சு எடுங்க. புளோரிடால கிளார்க் நடத்துற ஃபோர்குளோஷர் ஏலம் பெரும்பாலான கவுண்டில ஆன்லைன்லதான், 5 சதவீதம் டெபாசிட், மிச்சத்தை சொன்ன டைமுக்குள்ள கட்டலைன்னா டெபாசிட் போச்சு. டெக்சாஸ்ல பல கவுண்டில டாக்ஸ் ஏலத்துக்கு இன்னொண்ணு, உங்க பேர்ல வரி பாக்கி எதுவும் இல்லைன்னு டாக்ஸ் ஆபீஸ்ல ஒரு சர்டிபிகேட் வாங்கணும், 90 நாள்தான் செல்லும், கடைசி நேரத்துல போனா கிடைக்காது.

விசால இருக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. பொதுவா சொத்து வாங்கத் தடை இல்ல, ஆனா வாங்கி சரி பண்ணி விக்குறதையே தொழிலா பண்ணினா அது வேலை பார்க்குற கணக்குல வரலாம், இமிகிரேஷன் வக்கீல்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டு இறங்குங்க.

ஜெயிச்சாச்சு, அப்புறம்?

அன்னைக்கே இன்சூரன்ஸ் போடுங்க, காலி வீட்டுக்குத் தனி பாலிசி, சாதாரண பாலிசி இதுக்கு ஆகாது. டீட் கைக்கு வந்ததும் ரெக்கார்ட் பண்ணுங்க. கலிபோர்னியால அது கூட உடனே முடியாது, ஒண்ணு முதல் நாலு யூனிட் வரைக்கும் உள்ள சொத்துன்னா அங்க குடியிருக்கிற வாடகைக்காரரும், குடியிருக்க வாங்குற மத்தவங்களும் 45 நாள் வரைக்கும் உங்க விலைக்கோ அதுக்கு மேலயோ கேட்டு வீட்டை எடுத்துக்க சட்டம் இருக்கு. மிச்சிகன்ல ஃபோர்குளோஷருக்கு அப்புறமும் பொதுவா 6 மாசம் மீட்டுக்க டைம் உண்டு.

உள்ள ஆள் இருந்தா பூட்டை மாத்துற வேலையெல்லாம் வேண்டாம், கேஸ் உங்க மேல திரும்பும். மார்ட்கேஜ் ஃபோர்குளோஷர்ல நேர்மையான வாடகைக்காரர்னா ஃபெடரல் சட்டப்படி குறைஞ்சது 90 நாள் நோட்டீஸ் கொடுக்கணும், நிறைய சமயம் லீஸ் முடியுற வரைக்கும் விடணும். பழைய ஓனரே இருந்தா டெக்சாஸ்ல நோட்டீஸ் கொடுத்து ஜேபி கோர்ட்ல (ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்னு சொல்ற சின்ன கோர்ட்) போகணும். என் அனுபவத்துல சாவிக்குக் காசுதான் எல்லாத்தையும் விட சுலபம், 1,500லேர்ந்து 3,000 டாலர், "வீட்டைப் பெருக்கி சாவியைக் குடுங்க, மூவிங் செலவுக்கு இது"ன்னு பேசுங்க. மரியாதையாப் பேசினா பெரும்பாலும் முடிஞ்சிடும், அவங்க வீடு அது, கோபம் இருக்கத்தான் செய்யும்.

மீட்டுக்குற டைம் ஓடும்போது கிரானைட், புது கிச்சன்னு இறங்காதீங்க. ஓனர் மீட்டா இன்சூரன்ஸ், வரி, அவசிய ரிப்பேர் மாதிரி செலவுதான் கணக்குல வரும், அழகு பார்த்த காசு கோவிந்தா.

டாக்ஸ் டீட்ல வாங்கினா அடுத்து விக்கப் போகும்போது டைட்டில் கம்பெனி உதட்டைப் பிதுக்கும். காரணம் இருக்கு. 2006ல ஜோன்ஸ் வெர்சஸ் ஃபிளவர்ஸ்னு சுப்ரீம் கோர்ட் கேஸ், அர்கான்சால ஓனருக்கு அனுப்பின ரிஜிஸ்டர் தபால் வாங்குவாரில்லாம திரும்பி வந்துச்சு, ஸ்டேட் ஓனருக்குத் தகவல் சேர வேற உருப்படியான முயற்சி எடுக்காம வீட்டை வித்துடுச்சு, அந்த நோட்டீஸ் போதாதுன்னு தீர்ப்பு. கேஸ் பேர்ல இருக்குற ஃபிளவர்ஸ் யாருன்னா, 21,042 டாலர் கொடுத்து வீட்டை வாங்கினவங்க! ஸ்டேட் பண்ணின தப்புக்கு வாங்கினவங்க கோர்ட் படி ஏறினாங்க. அதனால கொயட் டைட்டில் கேஸ் போட்டு, மத்தவங்க உரிமை எதுவும் இல்லைன்னு ஜட்ஜ் கையெழுத்து வாங்க சில ஆயிரம் டாலரும் சில மாசமும் ஒதுக்குங்க, மேல சொன்ன கணக்குல டாக்ஸ் டீட்னா இதையும் கழிச்சுக்கணும்.

ஏலத்துல பாக்கிக்கு மேல வந்த காசு யாருக்குன்னு கேப்பாங்க. 2023 மே மாசம் டைலர் வெர்சஸ் ஹென்னபின் கவுண்டி தீர்ப்பு வந்துச்சு, 94 வயசு ஜெரால்டின் டைலரோட மினியாபோலிஸ் வீடு, பாக்கி வட்டியோட 15,000 டாலர், விலை போனது 40,000, மிச்சம் 25,000ஐ கவுண்டியே வச்சுக்கிச்சு. ஒன்பது ஜட்ஜும் ஒண்ணா அது செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் பல ஸ்டேட்ல டாக்ஸ் ஏல சட்டத்தையே மாத்திட்டு வர்றாங்க, அதனால பழைய வீடியோ, பழைய கோர்ஸ்ல சொன்ன ரூலை அப்படியே எடுத்துக்காதீங்க, கவுண்டி சைட்ல இன்னைக்கு என்ன போட்டிருக்குன்னு பாருங்க.

கடைசியா ஒரு சின்ன வேலை, நிறைய பேர் மறக்குறது. டீட் ரெக்கார்ட் ஆனதும் அப்ரைசல் ஆபீஸ்ல (வரிக்காக சொத்து மதிப்பு போடுற இடம்) தபால் அட்ரஸ் மாறிடுச்சான்னு நீங்களே பாருங்க. மாறலைன்னா வரி பில் பழைய ஓனருக்கோ அந்தக் காலி வீட்டு தபால் பெட்டிக்கோ போய்க்கிட்டே இருக்கும், எனக்கு முதல் வருஷம் அப்படித்தான் ஆச்சு, பிப்ரவரி 1ல அபராதம் ஏறினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. வரி பாக்கி வீட்டை ஏலத்துல எடுத்தவன் அதே வீட்டுக்கு வரி பாக்கி வச்சிருந்தான்னு கவுண்டி ஆபீஸ்ல அந்தம்மா சிரிச்சது இன்னும் காதுல கேக்குது.